மஹாலில் இருந்து புது மண்டபம் வரை

மதுரைக்காரனிடம் மதுரையைச் சுற்றிக்காட்டச் சொல்வதைப் போல வம்பு வேறில்லை. பிறந்ததிலிருந்து அங்கேயே கிடப்பவனுக்கு மீனாட்சியம்மன் கோயில் என்பது செருப்பை எங்கே விடுவது என்கிற பிரச்சினை. திருமலை நாயக்கர் மஹால் என்பது நாலாம் வகுப்பில் புளியோதரைப் பொட்டலத்தோடு வரிசையாகக் கூட்டிப்போன இடம். விளக்குத்தூண் என்பது தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய் அம்மாவின் கையை விட்டுத் தொலைந்த இடம். இதையெல்லாம் யாராவது 'கட்டிடக்கலை' என்று சொன்னால் அவனுக்குச் சிரிப்புத்தான் வரும்.

இந்தக் கதையில் வரும் மதுரைக்காரனும் அப்படித்தான். பி.காம் மூன்றாம் வருடம், கடைசி செமஸ்டர். அவனோடு படிக்கும் கோயமுத்தூர்க்காரன் ஒருவன் ஹாஸ்டலில் இருக்கிறான். அவனுடைய அப்பா ஊரில் கட்டிட ஒப்பந்தக்காரர். படிப்பு முடிந்ததும் அவரோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. மூன்று வருடம் மதுரையில் இருந்துவிட்டு, புரோட்டாக் கடைகளையும் சினிமா தியேட்டர்களையும் தவிர எதையும் பார்க்காமல் ஊர் திரும்பினால் வீட்டில் காறித் துப்புவார்கள் என்று அவனுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. மாதிரித் தேர்வு முடிந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் மதுரைக்காரனைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரே சாயங்காலம். முக்கியமான பில்டிங் எல்லாத்தையும் காட்டிடணும். அப்புறம் உன்னைத் தொந்தரவே பண்ண மாட்டேன்."

"நடக்கணும்டா."

"நடக்கலாம்."

ஆக, நாலு மணிக்கு மஹால் வாசலில் இறங்கினார்கள்.

டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் கோவைக்காரன் செய்த முதல் காரியம், தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தது. கை எட்டவில்லை. இரண்டாவது காரியம், அண்ணாந்து பார்த்துவிட்டு, "சதுர அடிக்கு என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டது. சொர்க்க விலாசத்தின் குவிமாடத்துக்குக் கீழே நின்றுகொண்டு இப்படிக் கேட்க ஒரு மனசு வேண்டும். ஆனால் அவனைக் குறை சொல்லவும் முடியாது. இரும்பு உத்திரமோ மரச்சட்டமோ இல்லாமல், செங்கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் நம்பி அவ்வளவு பெரிய குவிமாடம் அங்கே நிற்கிறது. ஒப்பந்தக்காரர் மகனுக்கு வயிற்றைக் கலக்கியதில் ஆச்சரியமில்லை. சென்ட்ரிங் எப்படிப் போட்டிருப்பார்கள், எத்தனை நாள் விட்டுப் பிரித்திருப்பார்கள் என்று பத்து நிமிடம் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான்.

மஹாலைத் திருமலை நாயக்கர் கட்டியது 1636-ல். இன்று நாம் பார்ப்பது மொத்த அரண்மனை அல்ல, அதில் ஒரு துண்டு. நாலில் ஒரு பங்கு என்று சொல்வார்கள். மிச்சம் எங்கே என்றால் அதற்கு ஒரு பேரன் கதை இருக்கிறது. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது தாத்தாவின் அரண்மனையிலிருந்து பிரித்து எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். தாத்தா கட்டியதைப் பேரன் பிரிப்பது நம் குடும்பங்களில் புதிதில்லை. ஆனால் இந்த அளவுக்கு நடந்தது அபூர்வம்.

அதற்குப் பிறகு இரு நூற்றாண்டுகள் அது சிதிலம்தான். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு தலையிட்டுப் பழுது பார்க்க வைத்தார். வேலையைக் கவனித்தவர் ராபர்ட் சிஷோம். பிற்பாடு சென்னை மெரினாவுக்கு எதிரே பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிஷோம்தான். பழுது பார்த்த கட்டிடத்தைச் சும்மா விடவில்லை, கோர்ட் நடத்தினார்கள். 1970 வரை மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் இருந்தது. சொர்க்க விலாசம் என்று பெயர் வைத்த இடத்தில் வாய்தா வாங்க அலைந்தவர்களின் மனநிலை என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் வேடிக்கைதான். பின்னால் சினிமாக்காரர்கள் வந்தார்கள். 'பம்பாய்' (1995) படத்தில் மனீஷா கொய்ராலா ஒரு பாட்டு முழுக்க ஓடி ஒளிவது இந்தத் தூண்களுக்குப் பின்னால்தான். கோவைக்காரனுக்கு மஹாலைப் பற்றி அதுவரை தெரிந்திருந்த ஒரே தகவலும் அதுதான்.

"டேய், குறைந்து செல் மதிப்பு முறையில இதுக்குத் தேய்மானம் போட்டா என்ன ஆகும்?"

வணிகவியல் படிப்பவர்களோடு வெளியே போனால் இப்படித்தான். மதுரைக்காரன் போனை எடுத்துக் கணக்குப் போட்டான். 1636-ல் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள். கட்டிடத்துக்கு வருடம் பத்து சதவீதம். நூற்றுப்பத்தே வருடத்தில் ஒரு ரூபாய்க்கும் கீழே வந்துவிடுகிறது. அதாவது 1746-லேயே ஏட்டளவில் மஹால் காலி. "ஆனா இந்த முறையில சைபர் மட்டும் ஆகவே ஆகாதுடா, அதான் இன்னும் நிக்குது" என்றான் மதுரைக்காரன். அன்றைக்கு அவன் சொன்ன ஒரே ஜோக் அதுதான். கோவைக்காரன் சிரிக்கவில்லை. தூண்களில் ஆணியால் கீறி வைத்திருந்த பெயர்களையும் இதயங்களையும் படித்துக்கொண்டிருந்தான். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கீறலும் இல்லை. ஏணி கொண்டுவரும் அளவுக்குக் காதல் யாருக்கும் முற்றவில்லை போலிருக்கிறது.

ஐந்து மணிக்கு விசில் ஊதி வெளியே அனுப்பினார்கள்.

மஹாலை விட்டு வெளியே வந்தாலும் அரண்மனையை விட்டு வெளியே வந்ததாகாது. இதைத்தான் பாடப்புத்தகம் சொல்வதில்லை. சுற்றியுள்ள தெருப்பெயர்களைப் பாருங்கள். நவபத்கானா தெரு: அரண்மனையில் வேளைக்கு வேளை முரசும் நாதஸ்வரமும் ஒலித்த இடம். பந்தடித் தெருக்கள்: பந்து விளையாடிய மைதானம். இப்போது அங்கெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். தெருவில் சௌராஷ்டிர பாஷை கேட்கும், கடைகளில் சுங்குடிச் சேலை தொங்கும். ஒரு சந்துக்குள் திடீரென்று கற்றூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். மொத்தம் பத்து. மேலே கூரை கிடையாது, தூண்கள் மட்டும். அந்தச் சந்துக்கே பத்துத்தூண் சந்து என்று பெயர். அரண்மனையின் ரங்க விலாசம் என்ற பகுதியில் மிஞ்சியது அவ்வளவுதான். தூண்களுக்கு நடுவே துணிக்கடைகள், மூட்டைகள், டீ கிளாஸ் தூக்கிக்கொண்டு ஓடும் பையன்கள். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தால் மூட்டை தலையில் இடிக்கும்.

கோவைக்காரன் அங்கேதான் முதல்முறையாகக் கேமராவைக் கீழே இறக்கினான். "மஹால்ல டிக்கெட் வாங்கிப் பார்த்தோம். இது சும்மா நிக்குதே?"

"ஆமா, சும்மாதான் நிக்கும்."

அங்கிருந்து விளக்குத்தூணுக்கு எட்டு வைத்தால் வந்துவிடும். ஜிகர்தண்டா குடிக்காமல் அந்த இடத்தைத் தாண்டக்கூடாது என்று எழுதப்படாத சட்டம் இருப்பதால் குடித்தார்கள். குடித்துக்கொண்டே மதுரைக்காரன் அந்தத் தூணின் கதையைச் சொன்னான். மதுரையைச் சுற்றி விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டை ஒன்று இருந்தது. எழுபத்திரண்டு கொத்தளம், வெளியே அகழி. ஊர் உள்ளே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 1840-களில் பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் கோட்டையை இடிக்க ஏற்பாடு செய்தார். அரசாங்கக் காசைச் செலவழிக்கவில்லை. சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவனுக்கு அந்த இடத்திலேயே மனை. இடித்தவர்கள் ஊர் மக்களே. அகழியும் மதிலும் ஓடிய இடத்தில் இன்றைக்கு வெளி வீதிகள் ஓடுகின்றன. அந்த வேலையைப் பார்த்த மாரட் என்ற சர்வேயர் பெயரிலும் பெருமாள் என்ற மேஸ்திரி பெயரிலும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. கலெக்டருக்கு ஊர்க்காரர்கள் நன்றியோடு நிறுத்திய நினைவுச் சின்னம்தான் விளக்குத்தூண்.

"இடிச்சதுக்கு நினைவுச் சின்னமா?"

"ஆமா."

"எங்கப்பாகிட்ட சொல்லணும். அவரும் நிறைய இடிச்சிருக்கார்."

மேஸ்திரி ஒருவர் பெயரில் ஊர் நடுவே வீதி இருப்பது கோவைக்காரனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ராஜா பெயரில் எல்லா ஊரிலும்தான் தெரு இருக்கிறது.

கீழ மாசி வீதியில் கூட்டம் மிதித்தது. மதுரையின் வீதிகள் கோயிலை நடுவில் வைத்து ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் போடப்பட்டவை: ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி. மாதங்களின் பெயரை வீதிக்கு வைத்த ஊர். அந்த வீதிகளின் இரு பக்கமும் இன்றைக்கு இருப்பவை கண்ணாடி முகப்பு வைத்த கடைகளும் லாட்ஜுகளும்தான். பழைய திண்ணை வீடுகள் நாலைந்து, நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கின்றன. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டிடம் 9 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று 1997-ல் அரசாணை போட்டார்கள். கோவைக்காரன் கண்ணாலேயே அளந்தான். "ஒன்பது மீட்டர்னா தரையோட சேர்த்து மூணு தளம். அந்த லாட்ஜைப் பார், அஞ்சு இருக்கு. அதைப் பார்..." அதற்கு மேல் எண்ணவில்லை. கோர்ட்டுக்கே போன விஷயம், இவர்கள் எண்ணி என்ன ஆகப்போகிறது. ஆனால் ஒன்று: இத்தனை லாட்ஜையும் மீறி, எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் ஒரு கோபுரம் எட்டிப் பார்த்தது. தெற்குக் கோபுரம் 1559-ல் எழுந்தது. கிழக்கு அதைவிடப் பழசு, பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. வடக்குக் கோபுரம் மேல்தளங்கள் இல்லாமல் காலம் காலமாக மொட்டையாக நின்று, 1878-ல் நகரத்தார் முடித்து வைத்தார்கள். முடித்து இவ்வளவு காலம் ஆகியும் இன்னும் அதற்கு மொட்டைக் கோபுரம் என்றுதான் பெயர்.

முடியாமலே போன கோபுரமும் இருக்கிறது. எழுகடல் தெருவில் ராய கோபுரம். திருமலை நாயக்கர் ஆரம்பித்தது. அடித்தளத்தைப் பார்த்தால் மற்ற நாலு கோபுரமும் சின்னப் பிள்ளைகள். கட்டி முடித்திருந்தால் ஊரே அதன் நிழலில் இருந்திருக்கும். நிலைக்கல் அளவுக்கு வந்து நின்றுபோனது. ஒற்றைக் கல்லில் செய்த அந்த நிலைகள் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். அடியில் பாத்திரக்கடைகள். குத்துவிளக்கு, சொம்பு, அண்டா. ராஜாவின் மிகப்பெரிய கனவின் காலடியில் எவர்சில்வர் மின்னிக்கொண்டிருந்தது.

அதைத் தாண்டினால் புது மண்டபம்.

இந்த இடம் வரும்போது மதுரைக்காரன் நடையில் ஒரு மாற்றம். கொஞ்சம் வேகமாக நடந்தான். கோவைக்காரன் விடவில்லை. கம்பிக்கதவு பூட்டியிருந்தது. கம்பியில் முகத்தைப் பதித்து உள்ளே பார்த்தான். சாயங்கால வெளிச்சம் மேற்கிலிருந்து கொஞ்சம் விழுந்தது. தூண், தூண், தூண். மொத்தம் 124. நடுவில் விசுவநாத நாயக்கர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரை பத்து பேர் கும்பிட்டபடி கல்லாக நிற்கிறார்கள். கோயிலைப் பார்த்த பக்கம் ஆளைவிடப் பெரிய சிலைகள். வைகாசியில் சாமி வந்து வெயிலுக்கு இளைப்பாறக் கட்டிய வசந்த மண்டபம் இது. சுற்றிலும் தண்ணீர் நிறுத்திக் குளிர்ச்சி பண்ணுவதற்கு வசதி செய்திருக்கிறார்கள். கட்டி நானூறு வருடம் ஆகப்போகிறது, பெயர் மட்டும் இன்னும் புது மண்டபம்.

"ச்சே, எவ்ளோ நீட்டா இருக்குடா!" என்றான் கோவைக்காரன். "இதுக்குள்ள முன்னாடி கடையா இருந்துச்சாமே? யூட்யூப்ல பழைய வீடியோ பார்த்தேன். தூணுக்குத் தூண் துணியைத் தொங்கவிட்டு, தையல் மெஷினைப் போட்டு, கசகசன்னு... இத்தனை வருஷம் எப்படிடா விட்டாங்க? கொஞ்சமாவது அறிவு வேண்டாம்? எல்லாத்தையும் காலி பண்ணது நல்லதுதான்."

மதுரைக்காரன், "ஆமா" என்றான்.

முதல் வருடம், ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்து எல்லாரும் அவரவர் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவனையும் கேட்டார்கள், அப்பா என்ன பண்றார் என்று. "துணி வியாபாரம்" என்றான். பொய் என்று சொல்ல முடியாது. துணியோடு சம்பந்தப்பட்டதுதான். ஆனால் அவனுடைய அப்பா பன்னிரண்டு வயதில் காஜா எடுக்க அந்த மண்டபத்துக்குள் வந்தவர். பிறகு அதே மண்டபத்தில் ஒரு தூணடியில் சொந்தமாக மெஷின் போட்டு உட்கார்ந்து, இருபத்தேழு வருடம் அங்கேயே மிதித்தவர். அவர் தைத்த காசில்தான் கல்லூரிக் கட்டணம், அன்றைக்குக் குடித்த ஜிகர்தண்டா எல்லாம். "ஆமா" என்று சொல்லிவிட்டு அவன் ரோட்டைப் பார்த்தான்.

இந்த மாதிரி நேரத்தில்தான் போன் வரும். வந்தது. அப்பா. "எங்கிட்டு இருக்க? அம்மா தூக்குவாளியக் கேக்குது. வந்து வாங்கிட்டுப் போயிரு." பக்கத்தில் நின்ற கோவைக்காரனுக்கும் கேட்டது. "போலாம் வா, உங்கப்பா கடையைப் பார்த்ததே இல்லை" என்றான்.

வேறு வழியில்லை. புது மண்டபத்துக் கடைகளைப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் கட்டிய புதுக் கட்டிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். படியேறினார்கள். டைல்ஸ் தரை, டியூப் லைட், ஷட்டர் போட்ட கடைகள். அங்கே ஒரு கடையில், இழுத்து மூடினால் அலமாரி அளவே இருக்கும் இடத்தில், பழைய உஷா கால் மெஷினுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இஞ்ச் டேப். மடியில் சிவப்பு வெல்வெட். மேலே கொடியில் அழகர் வேஷம் போடுகிறவர்களுக்கான சல்லடமும் குல்லாவும், கருப்பசாமிக்கு ஒரு உடுப்பு, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பாரதியார் கோட்டு ஒன்று. மூலையில் பச்சையும் மஞ்சளுமாகக் கோயில் தொம்பைகள், சுருட்டி நிறுத்திய பாய் மாதிரி.

கோவைக்காரனுக்குப் புரிய மூன்று வினாடி ஆகியிருக்கும். "வணக்கமுங்க" என்றான். குரல் சரியாக வரவில்லை.

"வாங்க தம்பி, வாங்க. ஒக்காருங்க. இவன் கூடப் படிக்கிறீகளா? எந்த ஊரு?" ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீக்குச் சொன்னார். "எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனான்?"

"மஹால், பத்துத்தூண், விளக்குத்தூண், ராய கோபுரம்... புது மண்டபம் பூட்டியிருந்துதுங்க. வெளியில இருந்து பார்த்தோம்."

"யானையப் பாத்தீகளா?"

"எந்த யானைங்க?"

அவர் மெஷினை விட்டுக் காலை எடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். கல் யானை கரும்பு தின்ற கதை மதுரையில் பிறந்தவர்களுக்கெல்லாம் தெரியும். சொக்கநாதர் சித்தராக வந்தார். பாண்டிய ராஜா சோதித்துப் பார்க்க, கல் யானைக்குக் கரும்பைக் கொடு, அது தின்னட்டும் என்றான். தின்றது. அந்தச் சிற்பம் புது மண்டபத்தில் இருக்கிறது.

"அந்தத் தூணுக்குக் கீழதான் தம்பி நம்ம மெஷினு. நான் போறதுக்கு முன்னாடியே அங்கன ஆணியும் கயிறும் கெடந்துச்சு. துணியத் தொங்கவிட்டுக்கிட்டேன். பாவாட, சல்லடம், குல்லான்னு மேல மேல தொங்கும். யானையோட தும்பிக்கை நுனி மட்டும் வெளிய தெரியும். கஸ்டமரு கேட்டா அதக் காட்டித்தான் அடையாளம் சொல்லுவேன். முழுசா அதப் பாத்தது, கடைய காலி பண்ணுன அன்னைக்குத்தான். கடைசித் துணிய எறக்குனேன், பின்னாடி அது நிக்கிது. இருபத்தேழு வருஷம் என் முதுகுக்குப் பின்னாடியே நின்னுருக்கு. எண்ணெயும் தூசியுமா மொகம் கறுத்துப்போய்... வேட்டி முனைய நனச்சுத் தொடச்சேன். சரியாப் போகல."

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எங்கள எந்திரிக்கச் சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் அவராகவே. "2018-ல கோயிலுக்குள்ள வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சுச்சுல்ல, பிப்ரவரி மாசம். ராத்திரி ஓடியாந்து வெளிய நின்னு பாத்தேன். கல்லுல என்னத்தப் புடிக்கப் போகுதுன்னுதான் அதுவர நெனச்சிருந்தோம். கல்லு வெடிக்கும் தம்பி. சத்தம் கேட்டுருக்கீகளா? கூரையே விழுந்துருச்சு. அன்னைக்கே தெரியும், அடுத்து நம்மதான்னு. நம்ம மண்டபத்துல எம்புட்டுத் துணி, எம்புட்டு ஒயரு. எந்திரிக்க வேண்டியதுதான்."

பிறகு வெல்வெட்டைத் தட்டி மடித்துக்கொண்டே, "ஒண்ணுதான். கடைக்காரப் பயலுகளுக்குக் கல்லப் பத்தி என்ன தெரியும்னு பேசுவாய்ங்கள்ல, அதக் கேட்டாத்தான் ஒரு மாதிரியா இருக்கும். ஐப்பசி மழைக்கு எந்தத் தூணோரம் ஒழுகும், எந்தக் கல்லு சித்திரை வெயில்லயும் சில்லுன்னு இருக்கும், எந்த மூலையில வவ்வாலு தங்கும், எல்லாம் தெரியும். ஒழுகுற எடத்துல மெஷின வச்சா ஊசி துருப்புடிச்சிரும்ல? தெரிஞ்சுதான ஆகணும். வந்து கேட்டா இன்னைக்கும் எடம் எடமாக் காட்டுவேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "டீ ஆறுது, குடிங்க."

கோவைக்காரன் குடித்தான். குடித்துவிட்டு, "தூணுக்குத் துணி கட்டுறது எப்படிங்க அளவெடுப்பீங்க?" என்று தொம்பையைக் காட்டிக் கேட்டான். அது அவன் கேட்க நினைத்த கேள்வி இல்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அவர் சந்தோஷமாக இஞ்ச் டேப்பை எடுத்து, தூணைச் சுற்றி எடுப்பது, தையலுக்கு விடுவது, தேரில் தொங்கும் தொம்பைக்கு உள்ளே வளையம் வைப்பது என்று விவரமாகச் சொன்னார். எழுந்திருக்கும்போது கோவைக்காரனின் சட்டைக் கையில் தையல் விட்டிருந்ததைக் கவனித்து, கழற்றச் சொல்லி, ஒரே மிதியில் போட்டுக் கொடுத்தார். பனியனோடு நின்ற அந்த ஒரு நிமிடம் கோவைக்காரன் யாரையும் பார்க்கவில்லை.

தூக்குவாளியோடு இறங்கினார்கள். கீழே வந்ததும் சித்திரை வீதிப் பக்கம் திரும்பினார்கள். கல் பாவிய வீதி, வண்டி கிடையாது, அதனால் மனிதர்கள் தாராளமாக நடக்கிறார்கள். ஐயப்ப பக்தர்கள், கல்யாணமான புது ஜோடிகள், பலூன் விற்கும் அம்மா. கோபுரத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துக்கொண்டு ரொம்ப தூரம் பேசாமல் நடந்தார்கள்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றான் கோவைக்காரன்.

"சொல்லியிருந்தா நீ அதச் சொல்லியிருக்க மாட்ட."

"அதான் சொல்றேன்."

"நானும் ஆமான்னு சொன்னேன்ல" என்றான் மதுரைக்காரன். அதற்கு மேல் அவனுக்குப் பேச வரவில்லை. தூக்குவாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி புது மண்டபத்து வாசலுக்கே வந்திருந்தார்கள். இருட்டிவிட்டது. கோவைக்காரன் போனில் டார்ச் போட்டுக் கம்பிக்கு இடையில் கையை நீட்டினான். வெளிச்சம் இரண்டு தூண் வரைதான் எட்டியது. மூன்றாவது தூணில் ஏதோ விலங்கின் கால் தெரிந்தது. குதிரையாகவும் இருக்கலாம்.

"என்ன தம்பி வேணும்? பூட்டியாச்சு" என்று ஒரு காவலாளி குரல் கொடுத்தார்.

"யானைங்க" என்றான் கோவைக்காரன்.

அவர் இதைவிடக் கிறுக்குப் பதில்களை எல்லாம் கேட்டவர் போல. சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "வசந்த விழாவுக்கு வாங்க. வைகாசியில சாமி இங்கதான் எழுந்தருளும். அப்ப நல்லாப் பாக்கலாம்."

வைகாசிக்குள் ஆறாவது செமஸ்டர் முடிந்திருக்கும். ஹாஸ்டலைக் காலி பண்ணி, கோவைக்காரன் கோயமுத்தூரில் ஏதோ ஒரு கட்டிடத்தில் செங்கல் எண்ணிக்கொண்டிருப்பான். கையை உள்ளேயிருந்து எடுத்தான். "வைகாசின்னா தேதி என்ன வரும்?" என்று மதுரைக்காரனிடம் கேட்டான்.

"மே கடைசி, ஜூன் ஆரம்பம். வீட்ல காலண்டர் பாத்து சொல்றேன்."